முட்டைக்குள் ஒளிந்த பொய்: 'ஃபிளிப்டு' நாவல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து புத்தகம் வாசிப்பது என் வழக்கம். இதுவரை வாசித்தவற்றில் அதிகம் கேள்வி வாங்கித் தந்த புத்தகம் இது. பிள்ளைகளும் கேட்கிறார்கள், பெற்றவர்களும் கேட்கிறார்கள். பெற்றவர்களின் கேள்வி பெரும்பாலும் வாசலில் நின்றபடி, குரலைத் தாழ்த்தி வரும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் என் தொண்டையாவது பிழைக்குமே என்று உட்கார்ந்தேன். கதையின் முடிவு வரை பேசியிருக்கிறேன். முன்கூட்டித் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு எழுந்து போய்விடலாம்.

இது எந்தப் புத்தகம்? யார் எழுதியது?

வெண்டலின் வான் டிரானன் எழுதிய 'ஃபிளிப்டு'. 2001இல் அமெரிக்காவில் வெளிவந்த, பதின்பருவத்தினருக்கான நாவல். இருநூறு பக்கத்துக்குச் சற்றுக் கூடுதல், அத்தியாயங்கள் 14. எழுத்தாளர் கலிஃபோர்னியாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். சாமி கீஸ் என்ற துப்பறியும் சிறுமியை நாயகியாக வைத்து 18 நூல்கள் எழுதியிருக்கிறார். அந்த வரிசையின் முதல் நூலுக்குத் துப்பறியும் இலக்கியத்துக்கான எட்கர் விருது கிடைத்தது. இந்த நாவலில் கொலையும் இல்லை, திருட்டும் இல்லை. ஆனாலும் எந்தத் தகவலை யாருக்கு எப்போது தெரியவிடுவது என்ற கணக்கில், துப்பறியும் கதை எழுதிப் பழகிய கை தெரிகிறது.

கதை என்ன, சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

மேஃபீல்ட் என்ற ஊர். பிரைஸ் லாஸ்கி இரண்டாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடை விடுமுறையில் அவன் குடும்பம் புது வீட்டுக்குக் குடிவருகிறது. சாமான் லாரி வந்து நின்றதுமே, எதிர்வீட்டுச் சிறுமி ஜூலி பேக்கர் கூப்பிடாமலே ஓடிவந்து பெட்டிகளைத் தள்ள ஆரம்பித்துவிடுகிறாள். பிரைஸின் கண்களைப் பார்த்த அந்த நிமிடமே அவளுக்கு அவனைப் பிடித்துப்போகிறது. அவனுக்கோ இவளிடமிருந்து தப்பித்தால் போதும். இந்த நிலை எட்டாம் வகுப்பு வரை எப்படித் திரும்புகிறது என்பதுதான் கதை. ஒரு அத்தியாயம் பிரைஸ் சொல்வான், அடுத்ததை ஜூலி சொல்வாள். பெரும்பாலும் அதே நிகழ்ச்சியை.

தலைப்புக்கு என்ன பொருள்? தமிழில் எப்படிச் சொல்வது?

'ஃபிளிப்டு' என்றால் புரண்டது, தலைகீழானது. ஒருவர்மீது சட்டென்று மனம் தலைகுப்புற விழுவதற்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நாவலில் இந்தப் பெயரில் இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. ஒன்று ஜூலி சொல்லும் முதல் அத்தியாயம், மற்றொன்று பிரைஸ் சொல்லும் கடைசி அத்தியாயம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் புத்தகம்.

தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம். 'தலைகீழ்' என்றான் ஒருவன். 'மனமாற்றம்' என்ற பெண்ணை மற்றவர்கள் சிரித்தே அடக்கிவிட்டார்கள், மதமாற்றம் போல இருக்கிறது என்று. என் கட்சி 'புரட்டு'. தோசையைத் திருப்பிப் போடுவதும் புரட்டுதான், பொய் சொல்லி ஏமாற்றுவதும் புரட்டுதான். இந்தக் கதையில் இரண்டும் நடக்கின்றன. எனக்கு ஒரே ஒரு வாக்குதான் விழுந்தது, அதுவும் என்னுடையது.

ஒரே சம்பவத்தை இரண்டு முறை வாசித்தால் அலுக்காதா?

முதல் நாற்பது பக்கத்தில் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அலுக்கவில்லை. காரணத்தை அந்த முதல் நாள் காட்சியை வைத்தே காட்டலாம்.

பிரைஸ் சொல்வதைக் கேட்டால், லாரிக்குள் வந்து தொல்லை கொடுத்த பெண்ணிடமிருந்து தப்பி வீட்டுப்பக்கம் ஓடுகிறான். அவள் துரத்திக்கொண்டு வருகிறாள். அவளை உதற முயன்று, எப்படியோ அவள் கை தன் கைக்குள் வந்து மாட்டிக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து அவன் அம்மா வெளியே வருகிறார். அவமானம் தாங்காமல் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். ஜூலி சொல்லும்போது அதே கை, அதே வாசல், அதே அம்மா. ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: கூச்ச சுபாவம் உள்ள ஒரு பையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இருவருமே பொய் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொல்கிறார்கள். நம் அகப்பாடல்களில் தலைவன் கூற்று, தலைவி கூற்று என்று பிரித்து வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கவிஞர் குறுக்கே வந்து எது சரி என்று சொல்ல மாட்டார். இங்கேயும் சொல்வதில்லை. ஒருவர் கூற்றை வாசித்து ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். அடுத்த அத்தியாயம் வந்து நம் காதைத் திருகுகிறது. இப்படி மூன்று முறை திருகப்பட்ட பிறகு, பிரைஸ் எதைச் சொன்னாலும் 'இரு, அவள் என்ன சொல்கிறாள் என்று பார்ப்போம்' என்று காத்திருக்கும் பழக்கம் வாசிப்பவருக்கு வந்துவிடும்.

முட்டைக் கதை, முட்டைக் கதை என்கிறார்களே, அது என்ன?

நாவலின் நெஞ்சு அதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்காக ஜூலி இன்குபேட்டரில் முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கிறாள். ஆறு குஞ்சுகள்: ஏபி, பானி, கிளைட், டெக்ஸ்டர், யூனிஸ், ஃப்ளாரன்ஸ். ஆங்கில அகரவரிசைப்படி பெயர் வைத்திருக்கிறாள், கவனித்தீர்களா? வளர்ந்து பார்த்தால் ஆறில் ஒன்றுகூடச் சேவல் இல்லை. கிளைட், டெக்ஸ்டர் என்று ஆண்பெயர் வாங்கியவையும் முட்டையிட ஆரம்பிக்கின்றன. வீட்டில் தின்று தீராத முட்டை. அக்கம்பக்கத்துப் பெண்மணிகள் இருவர் விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். எதிர்வீட்டு லாஸ்கி குடும்பத்துக்கு மட்டும் ஜூலி இலவசமாகக் கொடுக்கிறாள். பிரைஸ் இருக்கும் வீடாயிற்றே.

அந்த வீட்டில் முட்டையைப் பார்த்ததும் முதலில் கிளம்பும் சந்தேகம்: சேவல் இருந்தால் உள்ளே குஞ்சு இருக்குமே? உளவு பார்க்க பிரைஸும் அவன் நண்பன் காரெட்டும் வேலிக்கு அப்பால் எட்டிப் பார்க்கும் பகுதி நல்ல நகைச்சுவை. சேவல் இல்லை என்று தெரிந்தபின் அடுத்த சந்தேகம். அந்த முற்றம் கிடக்கும் லட்சணத்துக்கு முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்குமே? கடைசியில் அப்பாவின் தீர்ப்பு: போய் வேண்டாம் என்று சொல்லிவிடு.

பிரைஸால் சொல்ல முடியவில்லை. முட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறான். அடுத்த வாரமும் ஜூலி வருகிறாள். மறுபடியும் குப்பைத் தொட்டி. இப்படியே இரண்டு ஆண்டுகள். வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அவள் வரும் நேரத்தைக் கணக்குப் போட்டு, அவள் கதவைத் தட்டும் முன்பே ஓடிப்போய்த் திறந்து வாங்கிக்கொள்கிறான்.

இப்போது பக்கத்தைத் திருப்பி ஜூலி சொல்வதைக் கேளுங்கள். தான் தட்டும் முன்பே கதவைத் திறக்கும் பையன்! நன்றி சொல்கிறான், பள்ளியில் பார்ப்போம் என்கிறான். அவளுக்கு அந்த அரை நிமிடம் போதும். விற்றால் காசாகும் முட்டைகளை மகிழ்ச்சியோடு எடுத்துவந்து கொடுப்பது அந்த அரை நிமிடத்துக்காகத்தான்.

முதல் முறை வாசித்தபோது இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பொய் ஒருவரை வருத்தினால் எப்படித் தாங்குவது என்று நமக்கு ஓரளவு தெரியும். அது அவரை மகிழ்வித்துக்கொண்டே இருந்தால்?

எப்படி மாட்டிக்கொள்கிறான்?

குப்பை கொட்டப் போய்த்தான். ஒருநாள் காலை முட்டையைக் கொடுத்த ஜூலி வழக்கம்போல உடனே திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றுவிடுகிறாள். அவளுக்கு வேறு ஒரு துக்கம் அப்போது இருந்தது (மரம், கீழே வருகிறது). பிரைஸ் நிறைந்து வழியும் குப்பைக் கூடையோடு வெளியே வருகிறான். எல்லாவற்றுக்கும் மேலே அவள் சற்றுமுன் கொடுத்த முட்டைப் பெட்டி. திறந்து பார்க்கிறாள். ஒரு முட்டைகூட உடைந்திருக்கவில்லை.

கீழே விழுந்து உடைந்துவிட்டதோ என்ற ஒரு நொடி நம்பிக்கையைக்கூட எழுத்தாளர் அவளுக்கு விட்டுவைக்கவில்லை பாருங்கள். அதற்குப் பிறகு பிரைஸ் உண்மையைச் சொல்கிறான், ஆனால் சொல்லும் விதம் பொய்யைவிட மோசம்: உன் வீட்டு முற்றத்தைப் பார், குப்பைமேடு மாதிரி இருக்கிறது, எங்களுக்குக் கிருமி பயம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மரியாதையாகச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம், ஊறப்போட்டதால் புளித்துப்போய் வெளியே வருகிறது.

நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே? அவள் மனம் நோகக் கூடாதென்று சொன்ன பொய்யில் என்ன தவறு?

ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டது. நல்ல வழக்கறிஞராக வருவான். வள்ளுவர் போட்ட நிபந்தனை சற்றுக் கடுமையானது. குற்றம் கலவாத நன்மையாக இருக்க வேண்டும். அந்த முட்டைப் பொய்யால் நன்மை யாருக்கு? பிரைஸுக்கு, அதாவது ஒரு சங்கடமான உரையாடலிலிருந்து தப்பியவனுக்கு. இழப்பு யாருக்கு? பணமும் உழைப்பும் அன்பும் கொடுத்தவளுக்கு. 'அவள் வருத்தப்படுவாள்' என்று அவனே சொல்லிக்கொள்கிறான், உண்மைதான். ஆனால் அவள் வருத்தப்படும்போது எதிரே நிற்க வேண்டியவன் தான்தான் என்பதுதான் அவனுடைய உண்மையான கவலை. இந்த இடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே தங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யார் எதைப் போட்டார்கள் என்று நான் எழுதப்போவதில்லை.

அப்படியென்றால் பிரைஸ் கெட்டவனா?

இல்லை. பயந்தாங்கொள்ளி. ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிட்டது. ஜூலி தன்னைவிட்டுப் போகட்டும் என்பதற்காக, அவளுக்கு ஆகாத ஷெல்லி என்ற பெண்ணோடு நெருக்கமாக இருப்பதுபோல நடிக்கிறான். அந்த நடிப்பையும் காரெட் போட்டுக்கொடுத்துவிடுகிறான்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் நாவல் மெல்லக் காட்டுகிறது. அவன் அப்பா ரிக் சிரிக்கச் சிரிக்கப் பேசுபவர். அந்தச் சிரிப்பு எப்போதும் யாரோ ஒருவர் தலையில்தான் போய் விழும். பேக்கர் குடும்பத்தின் முற்றம், அவர்கள் லாரி, பையன்களின் இசைக்குழு எல்லாமே அவருக்குக் கேலிப்பொருள். அந்த மனிதர் இளமையில் தானே ஒரு இசைக்குழுவில் இருந்தவர் என்பது பின்னால் தெரியவரும்போது, கேலிக்கு அடியில் கிடந்த கசப்பு வெளியே வந்துவிடுகிறது. அப்பாவின் கேலிக்கு ஆளாகக் கூடாது என்பதே அந்த வீட்டில் வளரும் பையனின் முதல் பாடமாக இருந்திருக்கும். முட்டையைத் திருப்பிக் கொடுக்காததற்கு ஜூலியிடம் இருந்த கூச்சம் பாதிக் காரணம். கொடுக்கவில்லை என்று அப்பாவிடம் ஒப்புக்கொள்ளத் துணியாதது மீதி.

ஜூலி ஏறும் மரம் சிக்கமோர் என்கிறார்கள். பைபிளில் வரும் காட்டத்திதானே?

பெயர் ஒன்று, மரம் வேறு. இயேசுவைப் பார்க்கச் சகேயு ஏறிய மரம் தமிழ் பைபிளில் காட்டத்தி. அது அத்தி இனம். அமெரிக்காவில் சிக்கமோர் என்று சொல்வது வேறொரு குடும்பத்து மரம். பட்டை உரிந்து வெள்ளை வெளேரென்று தண்டு தெரியும், ஓங்கி வளரும். ஆனால் குள்ளமான ஒருவர் உயரத்துக்காக ஏறினார் என்ற நினைவு இங்கே பொருந்தத்தான் செய்கிறது.

பிரைஸின் பட்டம் மாட்டிக்கொண்டபோது எடுத்துக்கொடுக்கத்தான் ஜூலி முதலில் அந்த மரத்தின் உச்சிவரை ஏறுகிறாள். மேலே போனபின் பட்டம் மறந்துவிடுகிறது. கூரைகளும் தெருவும் வானமும் சேர்ந்து தெரிவது தனித்தனியாகத் தெரிவதுபோல இல்லை. அவள் அப்பா கொத்தனார் வேலை செய்பவர், ஓய்வில் இயற்கைக் காட்சிகள் வரைபவர். ஒரு ஓவியம் அதன் பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது என்று அவர் முன்பு சொன்னது அவளுக்கு மரத்தின் உச்சியில்தான் புரிகிறது. மனிதர்களையும் அப்படிப் பார்க்கலாமே என்று தோன்றுவது அதற்கும் பிறகு. கண்ணழகு என்ற ஒரு பகுதியை மட்டும் வைத்து ஒரு பையனை ஆறு ஆண்டுகள் மெச்சியிருக்கிறோமே என்ற சந்தேகம் வருவது இன்னும் பிறகு.

பிறகு மரத்தை வெட்ட ஆட்கள் வருகிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் அங்கே வீடு கட்டப்போகிறார். ஜூலி மேலே ஏறிக்கொண்டு இறங்க மறுக்கிறாள். கீழே பஸ்ஸுக்காக நிற்கும் பிரைஸைக் கூப்பிடுகிறாள்: நீயும் ஏறி வா, எல்லோரும் மேலே இருந்தால் வெட்ட மாட்டார்கள். அவன் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறான். செய்தியாளர்கள்கூட வந்து சேர்கிறார்கள். கடைசியில் அவளை இறக்கிக் கொண்டுவருவது அப்பா. மரம் போகிறது. அவர் அந்த மரத்தை வரைந்து கொண்டுவந்து அவள் அறையில் வைக்கிறார். காதல் கதை என்று விற்கப்படும் இந்த நாவலில் என்னைக் கண்கலங்க வைத்தது இந்த அப்பாதான்.

ஜூலி வீட்டு முற்றம் ஏன் அப்படிக் கிடக்கிறது? சோம்பேறிக் குடும்பமா?

ஜூலியும் இதே கேள்வியைத்தான் வீட்டில் கேட்கிறாள், முட்டை விவகாரத்துக்குப் பிறகு. அது வாடகை வீடு. முற்றத்தைப் பராமரிக்க வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர் என்பது அப்பாவின் நிலை. கையில் பணமும் இல்லை. காரணம், அப்பாவின் தம்பி டேவிட். பிறக்கும்போது கொடி கழுத்தைச் சுற்றியதால் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டவர். தனியார் இல்லம் ஒன்றில் இருக்கிறார். அரசு இல்லத்துக்கு அனுப்ப மனமில்லாமல் அந்தச் செலவை அண்ணன்தான் சுமக்கிறார். புல் வெட்டக் காசில்லாத முற்றத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு தம்பி.

ஜூலி சித்தப்பாவைப் பார்க்கப் போகும் அத்தியாயத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிறார்கள், அவர் பொறுமை இழக்கிறார், அப்பா பொறுமை இழக்காமல் இருக்கிறார். அவசரப்படாமல் வாசியுங்கள்.

முற்றத்தைச் சீராக்க ஜூலிக்குத் துணையாக வருபவர் யார் தெரியுமா? பிரைஸின் தாத்தா செட். மனைவியை இழந்து மகள் வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருந்த மனிதர். ஜூலியின் பிடிவாதம் அவருக்குத் தன் மனைவியை நினைவூட்டுகிறது. அகப்பாடல் இலக்கணத்தில் தலைவனை இடித்துரைக்கும் தோழனுக்குப் பாங்கன் என்று பெயர். பிரைஸுக்கு வாய்த்த பாங்கன் காரெட் அல்ல, இந்தத் தாத்தாதான்.

காரெட் விஷயத்தில் என்ன நடந்தது? நண்பனைக் கைவிடுவது சரியா?

டேவிட்டைப் பற்றி பிரைஸுக்குச் சொல்பவர் தாத்தா. கூடவே இன்னொன்றும் சொல்கிறார். பிரைஸ் பிறந்தபோதும் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. மருத்துவர் நேரத்தில் கவனித்துவிட்டார். ஒரு நொடி தவறியிருந்தால் அந்த இல்லத்தில் இருந்திருப்பவன் இவன்.

இந்தச் செய்தியை நெஞ்சில் சுமந்துகொண்டு பள்ளி நூலகத்தில் காரெட்டிடம் பேசுகிறான். ஜூலியைத் தனக்குப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்பதையும் சுற்றிவளைத்து ஒப்புக்கொள்கிறான். காரெட் டேவிட்டின் நிலையை வைத்து ஒரு கேலி அடிக்கிறான். அந்தப் பைத்தியம் இவளுக்கும் இருக்கும் என்ற பாணியில். பிரைஸுக்குச் சுரீரென்கிறது. அடிக்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் என்ன செய்கிறான்? சிரித்துவைக்கிறான்.

அந்தச் சிரிப்பை ஜூலி கேட்டுவிடுகிறாள்.

முட்டையைவிட இது கனமான குற்றம் என்பது என் கட்சி. அங்கே வாயைத் திறக்காதது பொய். இங்கே வாயைத் திறந்து சிரித்தது பொய். வகுப்பில் இப்படிச் சிரித்திருக்கிறீர்களா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். யாரும் கை தூக்கவில்லை, யாரும் என் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்; எங்கள் வகுப்பில் திக்கிப் பேசும் பெண் ஒருத்தி இருந்தாள். சிரிக்க வைத்தவள் பெயர் இன்று நினைவில்லை, திக்கியவள் முகம் நினைவிருக்கிறது.

காரெட்டைக் கைவிடுவது பற்றி: கதையின் கடைசிப் பகுதியில்தான் பிரைஸ் அதைச் செய்கிறான். சண்டை பெரிதாக இல்லை. இவனோடு இருக்கும்போது தான் யாராக ஆகிறோம் என்று தெரிந்தபின் விலகிக்கொள்கிறான். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

என் மகள் எட்டாம் வகுப்பு. காதல் கதை கொடுக்கலாமா?

வாசல் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். கொடுக்கலாம். படுக்கை, மது என்று எதுவும் கிடையாது. மொத்தக் காதலும் தர்பூசணி வாசனை அடிக்கும் தலைமுடியைப் பின்பெஞ்சிலிருந்து முகர்ந்து பார்ப்பது வரைதான். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு: டேவிட்டைக் கேலி செய்யும் மோசமான சொல், கடைசியில் வரும் முத்த முயற்சி. அவற்றை மறைக்காமல் பேசிவிடுங்கள். பதினொன்று பன்னிரண்டு வயதிலிருந்து வாசிக்கலாம்.

மகனுக்கும் கொடுங்கள். 'காதல் கதை, பெண்பிள்ளைகள் படிப்பது' என்று மகன்களிடமிருந்து ஒதுக்கிவைப்பதை நிறையப் பார்க்கிறேன். பாதிப் புத்தகம் ஒரு பையன் பேசுவது. அவன் செய்வதெல்லாம் பையன்கள் செய்வது.

அந்த முத்தக் காட்சி தவறான பாடம் சொல்லாதா?

பள்ளிக்கு நிதி திரட்ட ஒரு நிகழ்ச்சி. மாணவர்கள் சிலர் கூடையில் மதிய உணவு கொண்டுவந்து மேடையில் நிற்க, பெண்கள் ஏலம் கேட்டு அவரோடு சாப்பிட வேண்டும். (ஆண்பிள்ளைகளை ஏலம் விடுவது நம் பிள்ளைகளுக்குப் பெரும் வேடிக்கையாக இருந்தது. பெண்களை விட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றதும் சிரிப்பு நின்றது.) ஜூலி, யாரும் கேட்காமல் நின்ற வேறொரு பையனுக்காக இரக்கப்பட்டு ஏலம் கேட்கிறாள். பிரைஸைப் பிடிக்கப் போட்டி போட்ட இரண்டு பெண்கள் சேர்ந்து வாங்கிக்கொள்கிறார்கள். அவன் சாப்பாட்டை விட்டு எழுந்து, கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஜூலியிடம் போய் முத்தமிட முயல்கிறான்.

அவள் விலகி ஓடிவிடுகிறாள். ஆறு ஆண்டுகளாக அந்த முத்தத்தைக் கனவு கண்டவள்! ஆசைப்பட்டது ஒன்று, அது வந்த விதம் வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. கேட்காமல் செய்ததற்கு நாவல் அவனுக்குப் பரிசு தரவில்லை, மூடிய கதவைத் தருகிறது. தொலைபேசியில் கூப்பிடுகிறான், கதவைத் தட்டுகிறான், அவள் வரவில்லை. ஆகவே தவறான பாடம் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பிள்ளைகளிடம் கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு பெண்களுக்கு அவன் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதும் பிடிக்கவில்லை. அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

படம் இருக்கிறதாமே, பார்த்தால் போதாதா?

ராப் ரெய்னர் இயக்கி 2010இல் வந்தது. மேட்லின் கரோலும் காலன் மெக்காலிஃபும் நடித்தார்கள். அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடவில்லை. பின்னால் வீடுகளில் பார்த்துத்தான் பெயர் பெற்றது, சீனாவில் அதற்குப் பெரும் ரசிகர் கூட்டமே உண்டு. நாவலில் காலம் குறிப்பிடப்படவில்லை. படத்தில் கதையை 1950களின் கடைசிக்கும் 1960களின் தொடக்கத்துக்கும் நகர்த்திவிட்டார்கள். அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் பழைய கார்களும் பழைய பாட்டுகளும் வந்ததும் எல்லாவற்றின்மீதும் ஒரு பொன்னிற வெளிச்சம் விழுந்துவிடுகிறது. குப்பைத் தொட்டிக்கு அந்த வெளிச்சம் வேண்டாம். புத்தகத்தை முதலில் வாசியுங்கள்.

ஆங்கிலம் கடினமாக இருக்குமா?

இருக்காது. பிரைஸின் பகுதிகளில் அமெரிக்கப் பையன்களின் பேச்சுவழக்குச் சற்றுத் தடுக்கும், பத்துப் பக்கத்தில் பழகிவிடும். ஜூலியின் வாக்கியங்கள் நீளமானவை, தெளிவானவை. இரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு அத்தியாயமாக உரக்க வாசித்தால் நன்றாக இருக்கும். பையன் ஜூலியையும் பெண் பிரைஸையும் வாசித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கடைசியில் சேர்கிறார்களா இல்லையா?

பேசுவதற்கு வழியே இல்லாமல் போனபின் பிரைஸ் மண்வெட்டியோடு ஜூலி வீட்டு முற்றத்தில் வந்து குழி தோண்டுகிறான். ஒரு சிக்கமோர் கன்றை நடுகிறான். அன்று மரத்தடியில் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஏறியவன். அவன் கேலி செய்த அதே முற்றம். ஜூலி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தான் அவனைச் சரியாகப் பார்த்ததே இல்லையோ, இனிமேல் பேசிப்பார்க்கலாமோ என்று யோசிக்கிறாள். அத்தோடு நாவல் முடிகிறது. படத்தில் அவளை வெளியே வரவைத்துவிட்டார்கள். நாவலில் அவள் இன்னும் வீட்டுக்குள்தான்.

எங்கள் கூட்டத்தின் மிகச் சிறியவன் இதைக் கேட்டதும் ஏமாந்துபோனான். "கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?" என்றான்.

நல்ல கேள்வி. எதிர்வீடுதானே, தினமும் வந்து ஊற்ற வேண்டியதுதான்.